சட்டைக்கு மேலே ஸ்டெத் வைத்து ‘ஏர் என்ட்ரி சமம்’ என்று எழுதிவிட்டேன். நெஞ்சை ஒழுங்காகக் கேட்பது எப்படி?

நைட்_டூட்டி_சேலம் | இரவு 10.52

எல்லோருக்கும் வணக்கம். சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆர்த்தோ வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். பி.எஸ்சி. முடித்து ஒன்றரை வருடம் ஆகிறது. நாலு நாளாக ஒரு விஷயம் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. வீட்டில் சொன்னால் புரியாது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஏற்காட்டில் எஸ்டேட் வேலை பார்க்கும் ஒரு தாத்தா, எழுபதைத் தாண்டியவர். சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி மிளகு பறிக்கும்போது விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து வந்தார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இரண்டாம் நாள் இரவு எனக்கு டியூட்டி. எட்டு மணிக்கு முந்தைய ஷிஃப்டிடமிருந்து ஓவர் எடுத்து பி.பி., பல்ஸ், டெம்பரேச்சர் எல்லாம் பார்த்தேன். டெம்பரேச்சர் 99.4. அப்புறம் ஸ்டெத்தை வைத்தேன். சட்டைக்கு மேலே, முன்பக்கம், இடதில் ஒரு இடம், வலதில் ஒரு இடம். காற்று போய்வரும் சத்தம் கேட்டது. ‘ஏர் என்ட்ரி இருபக்கமும் சமம், நெஞ்சு தெளிவு’ என்று எழுதினேன். பகல் ஷிஃப்டிலும் அதே வரிதான் இருந்தது. அதற்கு முந்தைய ஷிஃப்டிலும் அதேதான்.

காலையில் வார்டு சிஸ்டர் ரவுண்ட்ஸ் வந்தார். தாத்தா பேசும்போது பாதி வாக்கியத்தில் மூச்சு வாங்குவதைப் பார்த்துவிட்டு, ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணினார். 28. நாங்கள் இருவருமாக அவரை நல்ல காலின் பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். சட்டையைத் தூக்கி, வலது முதுகின் அடியில் ஸ்டெத்தை வைத்த சிஸ்டர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, இயர்பீஸைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். ஒன்றும் சொல்லவில்லை.

மூச்சு உள்ளே போகிறது, சத்தமே இல்லை. இழுத்து முடிக்கும் நேரத்தில், பி.பி. கஃப்பின் வெல்க்ரோவை மெதுவாகப் பிரித்தால் வருமே, அந்தச் சத்தம். ஒவ்வொரு மூச்சிலும் அதே இடத்தில். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, அதாவது சாச்சுரேஷன் 91. எக்ஸ்-ரேயில் வலது கீழ்ப் பகுதியில் வெள்ளையாக நிமோனியா.

இப்போது ஆக்சிஜன், ஆன்டிபயாடிக் போய்க்கொண்டிருக்கிறது, தேறி வருகிறார். யாரும் என்னைத் திட்டவில்லை. ஆனால் இரவு எட்டு மணிக்கே முதுகைக் கேட்டிருந்தால் எனக்கு அது கேட்டிருக்குமா, இல்லையா? இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

காலேஜில் படித்தேன், பிராக்டிகலில் பொம்மை மேல் வைத்துக் காட்டி மார்க்கும் வாங்கினேன். வார்டில், நிஜ ஆள் மேல் நீங்கள் எப்படிக் கேட்கிறீர்கள்? எங்கே ஆரம்பிப்பீர்கள், எவ்வளவு நேரம், என்ன எழுதுவீர்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பழைய_வார்டு_சிஸ்டர் | இரவு 11.31

கண்ணு, முதலில் ஒன்று. உன் சிஸ்டர் திட்டாமல் இயர்பீஸைக் கையில் கொடுத்தார் பார், அதுதான் பாடம் சொல்லிக்கொடுக்கும் முறை. நான் அரசு மருத்துவமனையில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவள். என் முதல் வருடத்தில் இதே தவறை நானும் செய்தேன், என்னையும் ஒருவர் இப்படித்தான் கேட்க வைத்தார்.

ஏன் முதுகு என்பதை முதலில் மனதில் வாங்கிக்கொள். முன்பக்கம் நீ கேட்பதில் பெரும்பகுதி நுரையீரலின் மேல் பாகமான மேல் மடல். வலது மார்பின் கீழ்ப்பக்கமும் பக்கவாட்டிலும் நடு மடல். கீழ் மடல் இருப்பது பெரும்பாலும் முதுகில்தான். முன்னால் நடுக்காறை எலும்புக் கோட்டில் ஆறாவது விலாவோடு நுரையீரல் முடிந்துவிடும். பின்னால் சாதாரண மூச்சில் பத்தாவது முதுகெலும்பு வரை, இழுத்து மூச்சு விட்டால் பன்னிரண்டாவது வரைகூட இறங்கும். மல்லாந்தே கிடக்கும் நோயாளிக்குச் சளியும் நீரும் எங்கே போய்த் தேங்கும்? தாழ்ந்த இடத்தில், முதுகில். முன்பக்கம் மட்டும் கேட்பது, திண்ணையில் நின்றுகொண்டு கொல்லையில் யாரும் இல்லை என்று சொல்வதைப் போல.

இனி, நான் செய்யும் முறை.

ஃபேனையும் டி.வி.யையும் நிறுத்து. அட்டெண்டரிடம் ஒரு நிமிடம் பேசாமல் இருக்கச் சொல். இயர்பீஸ் உன் மூக்கை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும், ஏனென்றால் காதுத் துவாரம் முன்னோக்கித்தான் போகிறது. திருப்பி மாட்டினால் பாதிச் சத்தம் காதுச் சுவரில் மோதி நின்றுவிடும். ஸ்டெத் தலையை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கு. ஏசி அறையில் சில்லென்று வைத்தால் நோயாளியின் உடம்பு நடுங்கும், அந்த நடுக்கமே உன் காதில் உறுமலாக விழும்.

தோல் மேல் வை. சட்டைக்கு மேலே வைத்தால், துணி உரசும் சத்தத்துக்கும் நீ சொல்லும் அந்த வெல்க்ரோ சத்தத்துக்கும் வித்தியாசமே தெரியாது. ஆண்களுக்கு நெஞ்சு முடியும் இதே வேலையைச் செய்யும். பஞ்சில் தண்ணீர் தொட்டு முடியைப் படிய வைத்து, ஸ்டெத் தலையின் தட்டையான பக்கமான டயாஃப்ரமை அழுத்திப் பிடித்தால் போதும். டியூப் கட்டில் கம்பியில் படாமல் பார்த்துக்கொள்.

உட்கார முடிந்தவரை உட்கார வை. இரண்டு கையையும் குறுக்கே போட்டு எதிர்த் தோளைப் பிடிக்கச் சொல், தோள்பட்டை எலும்புகள் விலகி இடம் கொடுக்கும். எலும்பு மேல் வைத்தால் ஒன்றும் கேட்காது. வாயைத் திறந்து, வழக்கத்தைவிடக் கொஞ்சம் இழுத்து மூச்சு விடச் சொல். மூக்கால் இழுத்தால் மூக்கின் சத்தமும் சேர்ந்து வரும். ‘இழுங்க, விடுங்க’ என்று விரட்டாதே, நாலைந்து மூச்சுக்கு ஒருமுறை ஓய்வு கொடு. வயதானவர்களுக்குத் தலை சுற்றிவிடும்.

மேலிருந்து இடது, வலது, ஒரு படி கீழே வலது, இடது என்று ஏணி இறங்குவது போல வா. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாத விஷயம், ஒவ்வொரு இடத்துக்கும் நேர் எதிர்ப்பக்கத்தோடு ஒப்பிடுவது. இடது முழுவதையும் முடித்துவிட்டு வலதுக்குப் போனால், முதல் இடத்துச் சத்தம் எப்படி இருந்தது என்பதே மறந்துபோகும். ஒவ்வொரு இடத்திலும் ஒரு முழு மூச்சு, உள்ளேயும் வெளியேயும். தோள்பட்டை எலும்பின் கீழ்முனை ஏறக்குறைய ஏழாவது விலா மட்டம். அதற்குக் கீழேதான் உன் தாத்தாவின் விஷயம் ஒளிந்திருந்தது. கடைசியில் அக்குளுக்குக் கீழே இரண்டு பக்கமும். அதை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

---

நைட்_டூட்டி_சேலம் | இரவு 11.48

சிஸ்டர், ரொம்ப நன்றி. இயர்பீஸ் விஷயம் படித்ததும் போய் என் ஸ்டெத்தைப் பார்த்தேன். சரியாகத்தான் மாட்டுகிறேன். ஆனால் ஏணி போல இறங்கியதே இல்லை.

ஒரு சந்தேகம். இடுப்பு ஆபரேஷன் ஆனவரை உட்கார வைக்க முடியாதே? இரவில் திருப்ப ஆளும் இருக்காது.

---

பழைய_வார்டு_சிஸ்டர் | இரவு 11.55

ஆள் இருந்தால், கால்களுக்கு நடுவே தலையணை கொடுத்து இரண்டு பேராகத் திருப்புங்கள். முதுகு துடைக்கவும், புண் வருகிறதா என்று பார்க்கவும் எப்படியும் திருப்பத்தான் போகிறீர்கள், அந்த நேரத்தையே பயன்படுத்திக்கொள். ஆனால் ஒருக்களித்துப் படுக்கும்போது கீழே இருக்கும் பக்கமும் மேலே இருக்கும் பக்கமும் ஒரே மாதிரி கேட்காது. அந்த வித்தியாசத்தை மட்டும் வைத்து நோய் என்று எடுத்துக்கொள்ளாதே. முடிந்தால் மறுபக்கமும் திருப்பிக் கேள்.

ஆள் இல்லையா? புறங்கையால் மெத்தையை அழுத்திப் பள்ளமாக்கி, விரல்களுக்கு நடுவே ஸ்டெத் தலையைப் பிடித்து முதுகுக்கு அடியில் நுழை. கீழ் விலா வரை கை போகும். எத்தனையோ இரவு இப்படிக் கேட்டிருக்கிறேன்.

---

ஓமலூர்_ஸ்டாஃப் | காலை 6.20

எல்லாம் சரிதான். நடைமுறையைச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் வார்டில் முப்பத்திரண்டு பேருக்கு இரவில் இரண்டு பேர். ஒவ்வொருவரையும் உட்கார வைத்து, ஃபேனை நிறுத்தி, பதினாலு இடத்தில் கேட்டால் விடிந்துவிடும். எக்ஸ்-ரே இருக்கிறது, இப்போது அல்ட்ராசவுண்ட் வைத்தே நுரையீரலைப் பார்க்கிறார்கள். நர்ஸ் காதை நம்பி யாரும் மருந்து மாற்றப் போவதில்லை. கிரெப்ஸ் (அந்த வெல்க்ரோ சத்தம்) என்று எழுதினால் ‘அதை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று சொல்லும் டாக்டர்களும் இருக்கிறார்கள். சாச்சுரேஷன் பார்த்தால் போதாதா?

---

டியூட்டி_டாக்டர் | காலை 7.05

ஓமலூர் பிரதருக்கு: ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று சொன்னவர் வந்து பார்த்திருந்தால் அதில் தவறில்லை. வராமல் சொல்லியிருந்தால் தவறு அவருடையது. எக்ஸ்-ரே எடுக்கலாம்தான், ஆனால் எடுக்க வேண்டும் என்று யார் சொல்வது? படுக்கை அருகே இரவு முழுக்க இருப்பது நீங்கள்தான். சாச்சுரேஷன் கடைசியில்தான் விழும். ஆக்சிஜன் போய்க்கொண்டிருக்கும் நோயாளிக்கு 97 காட்டிக்கொண்டே நெஞ்சு மோசமாகிக்கொண்டிருக்கும். அதற்கு முன்பே ஏறுவது மூச்சு எண்ணிக்கை. கேஸ் ஷீட்டில் எல்லோருக்கும் 20 என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். யாரும் எண்ணவில்லை என்பது தெரிந்துவிடும்.

இரவு இரண்டு மணிக்கு எனக்குப் போன் வந்தால் நான் கேட்க விரும்புவது இதுதான்: ‘வலது பின்பக்கம் கீழே சத்தம் குறைவு, மூச்சு இழுத்து முடிக்கும்போது கிரெப்ஸ், இருமச் சொன்ன பிறகும் போகவில்லை. எட்டு மணிக்கு இல்லை. மூச்சு 28, சாச்சுரேஷன் 91.’ இப்படிச் சொன்னால் நான் மாடிப்படி ஏறும்போதே பாதி முடிவு செய்துவிடுவேன். ‘நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு சார்’ என்றால் வந்து முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

சத்தம் குறைந்த இடத்தில் இன்னொன்றும் செய்யலாம். ‘ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு’ என்று நோயாளியைச் சொல்லச் சொல்லி இரண்டு பக்கமும் ஸ்டெத்தில் கேளுங்கள். நிமோனியாவில் நுரையீரல் கெட்டியாகியிருந்தால் அந்தப் பக்கம் குரல் காதுக்குள் பேசுவது போலத் தெளிவாக வரும். நுரையீரலைச் சுற்றி நீர் கோர்த்திருந்தால் குரல் மங்கிவிடும். மூச்சுச் சத்தம் இரண்டிலும் மாறியிருக்கும், குரல் பிரித்துக் காட்டிவிடும்.

---

பிசியோ_அஸ்தம்பட்டி | காலை 9.40

டாக்டர் சொன்ன ‘இருமச் சொன்ன பிறகும்’ என்ற வார்த்தையை யாரும் தாண்டிப் போய்விடாதீர்கள். என் வேலையே அதில்தான் இருக்கிறது.

மயக்க மருந்து, வலி, படுக்கை எல்லாம் சேர்ந்து மூச்சு மேலோட்டமாகப் போகும். அப்போது அடியில் உள்ள சின்னக் காற்றுப் பைகள் காற்றில்லாமல் ஒட்டிக்கொள்ளும். இழுத்து மூச்சு விடும்போது அவை பட்பட்டென்று திறக்கும், அந்தச் சத்தம்தான் மெல்லிய கிரெப்ஸ். காதோரம் முடியை விரலால் தேய்த்தால் வருமே, அது. ஐந்தாறு நல்ல மூச்சு, ஒரு இருமல் ஆனதும் மறைந்துவிட்டால் பெரும்பாலும் பைகள் ஒட்டியிருந்ததுதான். உட்கார வைத்து, மூச்சுப் பயிற்சிக் கருவியான மூன்று பந்து ஸ்பைரோமீட்டரை மணிக்கொரு தடவை இழுக்கச் சொன்னால் சரியாகும். மறையாமல் அதே இடத்தில் நின்றால்தான் டாக்டருக்குப் போன். கொதிக்கும் கஞ்சி போலக் களகளவென்று பெரிதாகக் கேட்டு, இருமினால் இடம் மாறினால், அது பெரிய குழாயில் இருக்கும் சளி.

ஸ்பைரோமீட்டரை வாங்கி டேபிள் மேல் பிளாஸ்டிக் உறையோடு வைத்திருப்பார்கள். அட்டெண்டர்களே, அதை ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். முக்கால்வாசிப் பேர் ஊதிக்கொண்டிருக்கிறார்கள்!

---

அம்மாப்பேட்டை_ஐசியு | காலை 11.15

வணக்கம். ஐசியு ஸ்டாஃப். எங்கள் வீடு அம்மாப்பேட்டையில் கைத்தறி வீடு. அப்பா தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்து நெய்துகொண்டே வாசலில் வந்தவரோடு பேசுவார். பேசிக்கொண்டே இருப்பவர் சட்டென்று நிறுத்தித் துணியைக் குனிந்து பார்ப்பார். இழை அறுந்திருக்கும். ‘எப்படிப்பா தெரிந்தது?’ என்றால், ‘நாடா போற சத்தம் மாறுச்சு’ என்பார். எனக்கு அப்போது எந்த மாற்றமும் கேட்டதில்லை. அவர் காதில் நல்ல தறியின் சத்தம் முப்பது வருடமாக ஊறியிருந்தது.

வேலையில் சேர்ந்து ஆறு மாதம் எனக்கு எல்லா நெஞ்சும் ஒன்றுபோலவே கேட்டது. அப்புறம் நோயில்லாத நெஞ்சுகளை வேண்டுமென்றே கேட்க ஆரம்பித்தேன். தங்கை, பாட்டி, கால்கட்டு போட வந்த இளைஞர்கள், கூட வேலை பார்க்கும் பிரதர்கள். தொண்டைக் குழியில் வைத்தால் கரகரவென்று உரத்த காற்று, வெளிமூச்சும் நீளமாகக் கேட்கும். நுரையீரல் ஓரத்தில் வைத்தால் இலை அசைவது போல மெல்லிசு, வெளிமூச்சு பாதியில் கரைந்துபோகும். இந்த இரண்டும் காதில் நன்றாக ஊறிவிட்டால், தொண்டையில் கேட்க வேண்டிய சத்தம் முதுகின் அடியில் கேட்கும்போது தானாகத் தெரியும். அது இருக்கக் கூடாத இடம்.

ஐசியுவில் இருப்பவர்களுக்கு ஒன்றிரண்டு. மூச்சுக்குழாயில் டியூப் போட்ட நோயாளிக்கு இடது பக்கம் சத்தம் குறைந்தால் முதலில் டியூபின் அளவுக் கோடு எந்த எண்ணில் நிற்கிறது என்று பாருங்கள். வலது மூச்சுக்குழல் அகலமாகவும் நேராகவும் இருப்பதால் டியூப் உள்ளே இறங்கினால் அங்கேதான் போகும். அப்புறம் வெண்டிலேட்டர் குழாயில் தேங்கிய தண்ணீர் சளி போலவே களகளக்கும். தண்ணீரை வடித்துவிட்டு மறுபடி கேட்காமல் கிரெப்ஸ் என்று எழுதாதீர்கள்.

---

இரண்டாம்_ஆண்டு | மதியம் 1.10

அக்கா, அண்ணா எல்லோருக்கும் வணக்கம். வீசிங்குக்கும் ராங்கைக்கும் என்ன வித்தியாசம்? ஸ்டெத்தில் சின்னக் கிண்ணம் போல இருக்கும் பெல் பக்கம் எதற்கு?

---

டியூட்டர்_அக்கா | மதியம் 2.25

இரண்டுமே காற்றுக்குழாய் குறுகியதால் வரும் தொடர்ச்சியான சத்தம்தான். விசில் போல உச்சத்தில் இருந்தால் வீஸ். குறட்டை போல அடித்தொண்டையில் இருந்தால் ராங்கை, இருமினால் பெரும்பாலும் குறையும். நெஞ்சைவிடக் கழுத்தில் உரக்கக் கேட்டு, மூச்சு இழுக்கும்போது வந்தால் அது ஸ்ட்ரைடர். மேல் மூச்சுப்பாதை அடைபடுகிறது என்று அர்த்தம், புத்தகத்தைத் தேடாமல் ஆளைக் கூப்பிடு. நுரையீரலுக்கு டயாஃப்ரம், ஏனென்றால் இங்கே பெரும்பாலும் உச்சச் சத்தங்கள். பெல்லைத் தாழ்ந்த இதயச் சத்தங்களுக்கு வைத்துக்கொள். மிக ஒல்லியான நோயாளியின் விலா இடுக்கில் டயாஃப்ரம் படியாதபோதும் பெல் உதவும்.

இழையைத் தொடங்கிய தங்கைக்கு: உன் தவறு காதில் இல்லை, எழுத்தில் இருக்கிறது. ‘தெளிவு’ என்பது முழு நெஞ்சுக்கும் நீ கொடுக்கும் சான்று. முன்பக்கம் மட்டும் கேட்டிருந்தால் ‘முன்பக்கம் மேலே இருபுறமும் கேட்டது, பின்பக்கம் கேட்கவில்லை’ என்று எழுது. அதைப் படிக்கும் அடுத்த ஷிஃப்டுக்குப் பின்பக்கம் பாக்கி இருக்கிறது என்று தெரியும். ‘சமம், தெளிவு’ என்று எழுதினால் அடுத்தவருக்கும் கதவை மூடிவிடுகிறாய். மூன்று ஷிஃப்ட் ஒரே வரியை எழுதியது அப்படித்தான் நடந்திருக்கும். என் மாணவிகளிடம் நோயின் பெயரை எழுத வேண்டாம் என்றும் சொல்வேன். என்ன சத்தம், எந்தப் பக்கம், எவ்வளவு உயரம் வரை, உள்மூச்சிலா வெளிமூச்சிலா, இருமினால் மாறியதா, இவ்வளவு போதும். நிமோனியாவா நீரா என்பதை டாக்டர் எழுதட்டும்.

---

மலை_செவிலி | இரவு 8.45

சேர்வராயன் மலையில் கிராமங்களுக்குப் போய்வரும் செவிலி நான். மலையாளிப் பழங்குடி மக்கள் ஊர்களும் எஸ்டேட் லைன் வீடுகளும் என் பகுதி. எல்லோரும் வார்டைப் பற்றியே பேசுவதால் மேலே இருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

‘தோல் மேல் வை’ என்பது சரி. இங்கே திண்ணையில் மாமனார் உட்கார்ந்திருக்க, நடுவயதுப் பெண்ணிடம் ரவிக்கையை விலக்கு என்று சொல்ல முடியாது. அதற்காகச் சேலைக்கு மேலே வைத்துக் கேட்டதாகப் பேர் பண்ணவும் கூடாது. நான் முதலில் உள்ளே கூட்டிப்போய், அவர் மாமியாரையோ மகளையோ கூட நிற்க வைப்பேன். ‘முதுகில்தான் கேட்கப் போகிறேன், முன்னால் எதையும் எடுக்க வேண்டாம்’ என்று சொன்னாலே பாதிக் கூச்சம் போய்விடும். ரவிக்கையின் கீழ் விளிம்பைக் கொஞ்சம் மேலே தள்ளினால் கீழ் மடல் மொத்தமும் கிடைக்கும். மேலே கழுத்துப் பக்கத்திலிருந்து கையை இறக்கினால் தோள்களுக்கு நடுவே கிடைக்கும். முந்தானையை நான் கேட்காத பக்கத்துக்குப் போர்த்திவிடுவேன்.

இங்கே பீடியையே தொடாத பெண்களுக்கு நெஞ்சு கெட்டுக் கிடக்கிறது. விறகடுப்பு. மழைக்கும் பனிக்கும் கதவைச் சாத்திக்கொண்டு, புகை போக வழியில்லாத வீட்டில் முப்பது நாற்பது வருடம் சமைத்தவர்கள். அவர்களிடம் வீசிங் கேட்கும் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாறுவீர்கள். பல பேரிடம் கேட்பது ஒன்றுமில்லாமைதான், இரண்டு பக்கமும் தூரத்தில் காற்று போவது போல. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி குறைந்திருப்பதால் ‘சமம்’ என்று எழுதத் தோன்றும். சமமாகக் குறைவு என்று எழுத வேண்டும். வெளிமூச்சு எவ்வளவு நீளுகிறது என்பதையும் கவனியுங்கள்.

சாச்சுரேஷனை மட்டும் நம்பலாமா என்று கேட்டிருந்தார்கள். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. நல்ல ஆளுக்கே ஓரிரு புள்ளி குறைத்துக் காட்டும். குளிரில் விரல் சில்லிட்டிருந்தால் கருவி ஏதோ ஒரு எண்ணைக் காட்டும். எனக்குக் காதும் கடிகாரமும்தான் முதலில்.

கடைசியாக ஒரு இரவு. ஆஸ்துமா உள்ள பள்ளிக்கூடப் பெண், பதினாலு வயது. வீடு முழுக்கக் கேட்கும்படி விசில். ஆம்புலன்ஸில் ஏற்றி, ஆக்சிஜனும் நெபுலைசேஷனும் வைத்துச் சேலத்துக்கு இறக்கினோம், நானும் கூடப் போனேன். கொண்டை ஊசி வளைவுகளில் பாதி இறங்கும்போது விசில் அடங்கியது. அவள் அம்மா கையெடுத்துக் கும்பிட்டு, ‘சரியாயிடுச்சும்மா’ என்றார். எனக்கு அவள் முகம் பிடிக்கவில்லை. பேர் கேட்டேன், பதில் சொல்லாமல் கண்ணை மட்டும் திருப்பினாள். வண்டி இரைச்சலில் ஸ்டெத் வைத்துப் பயனில்லை. டிரைவர் அண்ணனிடம் சொல்லி, ஒரு வளைவில் ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்தச் சொன்னேன். பனி, இருட்டு, சத்தமே இல்லை. முதுகில் வைத்தேன். விசில் இல்லை. காற்றும் இல்லை. இரண்டு பக்கமும் ஒன்றுமே போகவில்லை. விலா இடுக்கெல்லாம் உள்ளே குழிந்து குழிந்து வருகிறது, சத்தம் மட்டும் இல்லை.

நிறுத்தியது அரை நிமிடம் இருக்கும். போகும் வழியிலேயே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு ‘சைலன்ட் செஸ்ட்’ என்ற இரண்டே வார்த்தை சொன்னோம். வாசலில் டியூப் போடத் தயாராக நின்றார்கள். பிழைத்தாள். விசில் நின்றால் நல்லது என்று நினைக்கும் எல்லோருக்கும் நான் இதைச் சொல்லிவிடுவேன். மூச்சு இலகுவாகி, வாக்கியமாகப் பேசி, விசிலும் நின்றால்தான் நல்லது.

---

ஓமலூர்_ஸ்டாஃப் | இரவு 9.30

அக்கா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நேரம் இல்லை என்று நான் சொன்னது பொய் இல்லை, ஆள் பற்றாக்குறை உண்மை. ஆனால் முப்பத்திரண்டு பேரையும் ஒரே மாதிரி கேட்க வேண்டியதில்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். யாரை முதலில் கேட்பீர்கள்?

---

பழைய_வார்டு_சிஸ்டர் | இரவு 9.52

தம்பி, நீ கேட்டதுதான் சரியான கேள்வி. ஓவர் எடுக்கும்போதே நாலைந்து பேரைக் குறித்துக்கொள். ஆபரேஷன் ஆகி முதல் மூன்று நாளில் இருப்பவர். எழுந்து நடக்காதவர். புரையேறுபவர், பக்கவாதம் வந்தவர், மூக்கில் டியூப் இருப்பவர். மூச்சு எண்ணிக்கை ஏறியவர். அப்புறம் டிரிப்பும் ரத்தமும் ஏறுபவர், அதிலும் இதயமோ சிறுநீரகமோ பலவீனமாக இருந்தால். அவர்களை ஏற்றுவதற்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை கேள். முன்பு சுத்தமாக இருந்த அடிப்பகுதியில் இரண்டு பக்கமும் கிரெப்ஸ் வந்து, அது மேலே மேலே ஏறினால் நுரையீரலில் நீர் சேர்கிறது. டிரிப்பை நிறுத்தி வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடு. மற்றவர்களைக் காலையில் முதுகு துடைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

---

ஒரு_மகள் | இரவு 11.05

நான் நர்ஸ் இல்லை. அம்மா போன வருடம் இருபது நாள் படுக்கையில் இருந்தார். தினமும் எத்தனையோ பேர் வந்து போனார்கள். அம்மாவை உட்கார வைத்து முதுகில் ஸ்டெத் வைத்தது ஒரே ஒரு இரவு நர்ஸ்தான். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, ‘நீதான் கண்ணு என்னைப் பாத்த’ என்றார். நீங்கள் ஃபேனை நிறுத்தச் சொன்னால் எங்களுக்குக் கோபம் வராது. ஏன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாங்களே பிடித்து உட்கார வைக்கிறோம்.

---

நைட்_டூட்டி_சேலம் | ஒன்பது நாள் கழித்து, காலை 8.40

தாத்தா இன்று டிஸ்சார்ஜ். இந்த இழையில் படித்ததை வைத்துத் தினமும் அவர் முதுகைக் கேட்டேன். என் டியூட்டி இல்லாத நாட்களில் வார்டு சிஸ்டர் கேட்டு எழுதினார். முதல் இரண்டு நாள் வலது பக்கம் தோள்பட்டை எலும்பின் கீழ்முனை வரை கிரெப்ஸ். நாலாம் நாள் மூன்று விரல் கீழே இறங்கியது. ஆறாம் நாள் இருமினால் குறைந்தது. கேஸ் ஷீட்டைப் புரட்டினால் அது இறங்கி வந்த வழி தெரிகிறது. முன்பு மூன்று ஷிஃப்டும் எழுதிய அந்த ஒரே வரிக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பார்த்தேன்.

இன்று காலை எழுதியது: ‘உட்கார வைத்து, தோல் மேல், முன், பின், பக்கவாட்டில் கேட்டது. இடது முழுவதும் சாதாரண மூச்சுச் சத்தம். வலது பின்பக்கம் அடியில் இடதைவிடக் கொஞ்சம் குறைவு, கிரெப்ஸ் இல்லை. மூச்சு 18. சாச்சுரேஷன் ஆக்சிஜன் இல்லாமல் 96.’

முடித்ததும் தாத்தா, ‘அப்படி என்னம்மா தினம் கேக்கற, எனக்கும் ஒருக்கா குடு’ என்றார். இயர்பீஸை அவர் காதில் மாட்டி, நெஞ்சில் வைத்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் கேட்டார். ‘காத்துதான்’ என்றார்.

ஆறு வாரம் கழித்து எக்ஸ்-ரே எடுக்க வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். வாக்கரோடு மலையிலிருந்து இறங்கி வருவாரா என்று தெரியவில்லை. மகன் வெளியூரில்.

---

மலை_செவிலி | காலை 9.15

எந்தப் பக்கம் லைன் வீடு என்று தனிச் செய்தியில் மட்டும் சொல்லுங்கள், பேரையெல்லாம் இங்கே போட வேண்டாம். தாத்தாவிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியோடு இன்று நீங்கள் எழுதிய அந்த நாலு வரியையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். வியாழக்கிழமை அந்தப் பக்கம் போகிறேன். வலது அடியில் கேட்டுவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன். எக்ஸ்-ரேக்கு வண்டி ஏற்பாடும் பார்க்கலாம்.